எழுதிய வாக்கியத்தைத் திருத்த ஒரு ஜப்பானியர் வேண்டும்

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜே.எல்.பி.டி. தேர்வு 1984-இல் தொடங்கியது. இந்தியாவில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. சென்னையில் அதை நடத்தும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய், ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் உருவாக்கிய அமைப்பு. என்5 தொடங்கி என்1 வரை ஐந்து படிகள். உச்சியில் இருக்கும் என்1-இல் தேற, பகுதிவாரிக் குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு, மொத்தம் 180-க்கு 100 எடுக்க வேண்டும். இப்படி அடிமட்டத்திலிருந்து உச்சி வரை ஏறி முடிக்கும் ஒருவர் தேர்வு அறையில் சொந்தமாக ஒரே ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்து வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும். பேச்சுத் தேர்வும் கிடையாது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2019-இல் அறிமுகமான ஜே.எஃப்.டி. பேசிக் என்ற கணினித் தேர்வு. 250 மதிப்பெண்ணுக்கு 200 எடுத்தால் தேர்ச்சி. அதிலும் திரையில் தெரியும் விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை. ‘குறிப்பிட்ட திறன் பெற்ற தொழிலாளர்’ என்ற விசாவுக்கு இந்தத் தேர்வோ, ஜே.எல்.பி.டி.யின் என்4 படியோ தேவை. கூடவே தொழில் திறன் தேர்வும் எழுத வேண்டும். இந்த விசா வழியை இந்தியர்களுக்குத் திறந்துவிடும் உடன்படிக்கை 2021 ஜனவரியில் கையெழுத்தானது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பிரதமர் டோக்கியோ சென்றபோது, ஐந்து ஆண்டுகளில் இரு நாடுகளுக்கும் இடையே 5 லட்சம் பேர் போய்வர வேண்டும், அதில் இந்தியாவிலிருந்து 50,000 பேர் திறன் பெற்றவர்களாகவோ திறன் பெறக்கூடியவர்களாகவோ ஜப்பான் செல்ல வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள்.

இந்த இலக்கு திருச்சி-தஞ்சாவூர் சாலையில் இருக்கும் காட்டூருக்கு மிகவும் பொருந்தும். அரியமங்கலம் தாண்டினால் காட்டூர், அடுத்து திருவெறும்பூர், அதற்கப்பால் துவாக்குடி. 1960-களில் செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு எழுந்த பெல் கொதிகலன் ஆலையை நம்பி இந்தச் சாலை நெடுக ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் வளர்ந்தன. வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் பெல் வளாகத்தில் இருக்கிறது. பெல்லின் ஆர்டர்கள் குறைந்த ஆண்டுகளில் இந்தப் பட்டறைகள் எப்படித் திண்டாடின என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஐ.டி.ஐ. முடித்த வெல்டர், நர்சிங் முடித்த பெண், டிப்ளமோ மெக்கானிக்கல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பையன் என்று ஆள் பற்றாக்குறையால் ஜப்பான் தேடுகிற ஆட்கள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அவர்கள் ஜப்பானிய மொழி படிக்கத்தான் வேண்டும். எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் கவலை.

தேர்வு கேட்காததை வகுப்பு சொல்லித் தராது. மூன்று மாதத்தில் என்5, ஆறு மாதத்தில் என்4 என்று கணக்கு வைத்து நடத்தும் பயிற்சி மையங்களில், மாணவர் எழுதிய சொந்த வாக்கியத்தை யாராவது உட்கார்ந்து படித்துத் திருத்துவதற்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலோர் தாங்களே பாடுபட்டு அந்த மொழியைக் கற்றவர்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்பை ஒருவராக இழுத்துக்கொண்டு போகிறவர்கள். என்4 படிக்கும் மாணவர் எழுதிய வாக்கியம் இலக்கணப்படி சரியா என்று அவர்களால் சொல்ல முடியும். ஒரு ஜப்பானியர் அப்படிச் சொல்வாரா என்று கேட்டால் அவர்களே தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நேர்மையானது.

ஆனால் ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எழுத வேண்டியிருக்கிறது. தொழிற்சாலைகளில் அன்றன்றைய வேலையைப் பற்றிய தினக்குறிப்புக்கு ‘நிப்போ’ என்று பெயர். விபத்து நடக்காமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிக் கொடுப்பதற்கு ‘ஹியாரி ஹாத்தோ’ என்று தனிப் படிவமே உண்டு. முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர், தாத்தா எவ்வளவு சாப்பிட்டார், பாட்டி இரவு எத்தனை முறை எழுந்தார் என்பதையெல்லாம் பராமரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். அடுத்த ஷிஃப்ட்டுக்கு வருகிறவர் அதைப் படித்துத்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒரு வெல்டர் ‘கிளாம்ப் உடைந்தது’ என்று எழுத நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜப்பானிய மொழியில் தானாக உடைவதற்கு ‘கோவாரெத்தா’, ஆள் உடைப்பதற்கு ‘கோவாஷித்தா’. தமிழில் ‘உடைந்தது’, ‘உடைத்தேன்’ இருப்பது போலவேதான். ஆனால் இரண்டு சொற்களும் தலையில் குழம்பி அவர் ‘கோவாஷித்தா’ என்று எழுதிவிட்டால், செய்யாத குற்றத்தைத் தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இந்த இரண்டில் எது சரி என்று தேர்வில் கேட்டால் டக்கென்று குறித்திருப்பார். தானாக வாக்கியம் கட்டும்போதுதான் தவறு நுழைகிறது. யாரும் முன்பே சுட்டிக்காட்டியிருக்காவிட்டால் அது அப்படியே படிந்தும்விடுகிறது.

இன்னொரு வகைத் தவறு இலக்கணத்துக்குள் அகப்படாது. முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியிடம் தேநீர் வேண்டுமா என்று கேட்க, விருப்பத்தைக் குறிப்பதாகப் பாடப்புத்தகத்தில் படித்த ‘-தாய்’ விகுதியைப் போட்டு ‘ஓச்சா ஓ நோமிதாய் தெஸ் கா’ என்று ஒரு மாணவி எழுதலாம். விகுதி சரி, வேற்றுமை உருபு சரி, மரியாதை முடிவும் சரி. ஆனாலும் பெரியவர்களிடம் அவர்களுடைய ஆசையை இப்படி நேராகக் கேட்பது ஜப்பானில் மரியாதைக் குறைவு. ‘ஓச்சா வா இகாகா தெஸ் கா’ என்பார்கள். வேலை முடிந்ததும் மேலாளரிடம் ‘கோகுரோ-சாமா’ என்று சொல்வதும் இப்படித்தான். அது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்லும் வார்த்தை. அகராதி இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர் பார்த்த மாத்திரத்தில் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பார்.

அப்படிப்பட்ட ஒருவரைக் காட்டூரில் எங்கே தேடுவது? இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதற்குப் பதிலே இருந்திருக்காது. 2007-இல் ஒரு பதில் வந்தது. சீனாவில் பிறந்து ஜப்பானில் வளர்ந்த சி யாங்யாங், கியோட்டோ பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது ‘லாங்-8’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். படிக்கிற மொழியில் ஒரு சிறு நாட்குறிப்பு எழுதிப் போட வேண்டும். அது யாருடைய தாய்மொழியோ அவர் வந்து வரிவரியாகத் திருத்துவார். பதிலுக்கு, தன்னுடைய தாய்மொழியில் பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுக்க வேண்டும். அதிகம் திருத்துகிறவர்களின் பதிவுகள் மற்றவர் கண்ணில் முன்னால் படும். பணம் கைமாறவில்லை. உழைப்புக்கு உழைப்பு என்ற அந்த ஏற்பாடு உலகெங்கும் லட்சக்கணக்கான வாக்கியங்களைத் திருத்தியது.

ஜப்பானியர்களுக்கு இது புதிதாகவும் இல்லை. அங்கே பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதற்கு ‘தென்சாகு’ என்று பெயர். அஞ்சல்வழிக் கல்வியில் மாணவர் அனுப்பும் தாளைச் சிவப்பு மையில் திருத்தி அனுப்பும் ‘அகா-பென் சென்செய்’, பெனெஸ்ஸே நிறுவனத்தின் வழியாகப் பல தலைமுறைக் குழந்தைகளுக்குத் தெரிந்த பெயர். முன்பின் தெரியாத ஒருவரின் வாக்கியத்தைப் பொறுமையாகச் சீர்செய்யும் பழக்கம் உள்ள சமூகம் அது.

லாங்-8 2017-இல் புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. அதே நிறுவனம் 2014-இல் தொடங்கிய ‘ஹைநேட்டிவ்’ இன்றும் இயங்குகிறது. அதில் நீளமான கட்டுரைகளைவிடச் சின்னச் சின்னக் கேள்விகளே அதிகம். நாட்குறிப்பு எழுதித் திருத்திக்கொள்ள ‘லாங்கரெக்ட்’ போன்ற தளங்கள் வந்திருக்கின்றன. வழி அடைபட்டுவிடவில்லை. அந்த வழியில் நம் மாணவர்களை யாரும் அழைத்துப் போவதில்லை என்பதே குறை.

திருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிய மொழியின் இணைய வரலாற்றிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹியோகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் யாசுஹிதோ தனாகா, தன் மாணவர்கள் ஒவ்வொருவரிடமும் ஜப்பானிய-ஆங்கில இணை வாக்கியங்கள் முந்நூறு சேகரித்துத் தரச் சொன்னார். சில ஆண்டுகளில் 2 லட்சத்து 12 ஆயிரம் இணைகள் சேர்ந்தன. 2001-இல் அந்தத் தொகுப்பைப் பற்றி அவர் அறிவித்தார். ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜிம் பிரீன் அதைத் தன் இணைய அகராதியில் எடுத்துக்காட்டுகளாகச் சேர்த்தார். உலகெங்கும் ஜப்பானிய மொழி படித்தவர்கள் அந்த வாக்கியங்களைப் பார்த்தே கற்றார்கள். ஆனால் அவசரத்தில் சேகரித்தவற்றில் எழுத்துப்பிழை, இயல்பில்லாத சொற்கட்டு, ஒன்றுக்கொன்று பொருந்தாத மொழிபெயர்ப்பு எல்லாம் மண்டிக் கிடந்தன. ஒரே வாக்கியம் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வந்தது. பிரீனும் தன்னார்வலர்களும் பல ஆண்டுகள் களையெடுத்து, தொகுப்பை ஏறக்குறைய ஒன்றரை லட்சமாகக் குறைத்தார்கள்.

பிறகு அந்த வாக்கியங்கள், பிரான்சைச் சேர்ந்த திராங் ஹோ 2006-இல் தொடங்கிய ‘ததோஎபா’ என்ற திறந்த வாக்கியக் களஞ்சியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஒரு நல்ல நெறி உருவாகியிருக்கிறது. அவரவர் தம் தாய்மொழியில் மட்டும் வாக்கியம் சேர்ப்பது நல்லது என்று அங்கே வலியுறுத்துகிறார்கள். சந்தேகமுள்ள வாக்கியத்துக்குத் ‘தாய்மொழிக்காரர் பார்க்க வேண்டும்’ என்று ஓர் அடையாளச் சீட்டு ஒட்டுகிறார்கள். அந்த மொழிக்காரர் ஒருவர் பார்த்துப் பொறுப்பேற்கும் வரை அந்தச் சீட்டு அப்படியே இருக்கும். பிழையான எடுத்துக்காட்டு ஒன்று ஆயிரம் பேரின் நாவில் ஏறிவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் வகுத்த ஏற்பாடு அது.

தாய்மொழிக்காரர் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ஜப்பானியர்கள் மென்மையானவர்கள், தொடக்கநிலை மாணவரின் வாக்கியத்தைப் பார்த்து ‘ஜோஸு தெஸ் நே’, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவதும் உண்டு. ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகத் திருத்துவார்கள். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் பலருக்கும் விளக்கத் தெரியாது. ‘வா’, ‘கா’ என்ற உருபுகளில் எது எங்கே வரும் என்று நம் மாணவர் கேட்டால் ஒசாகாவின் குடும்பத்தலைவி திணறித்தான் போவார். நம்மில் எத்தனை பேருக்கு ‘க், ச், த், ப்’ எங்கே மிகும் என்று காரணத்தோடு சொல்லத் தெரியும்? ஆகவே இங்கிருக்கும் ஆசிரியரும் அங்கிருக்கும் தாய்மொழிக்காரரும் சேர்ந்தே இந்த வேலை நிறைவடையும். அவர் மாற்றிக் கொடுப்பார்; ஏன் என்று ஆசிரியர் விளக்குவார்.

இந்த விளக்கத்தில் தமிழாசிரியர்களுக்கே ஒரு பங்கு இருக்கிறது. ஜப்பானிய மொழியில் பிறர் எனக்குக் கொடுத்தால் ‘குரெரு’, நான் பிறருக்குக் கொடுத்தால் ‘அகெரு’. இதைக் குழப்பிக்கொள்ளாத மாணவர் அரிது. ‘நண்பன் எனக்குப் புத்தகம் அகெமாஷித்தா’ என்று எழுதித் திருத்தம் வாங்குகிறார்கள். ஆங்கிலம் வழியாக விளக்கினால் விதியாக மட்டும் நிற்கும். தன்மைக்கும் முன்னிலைக்கும் வருவதைத் ‘தரு’ என்றும், படர்க்கைக்குப் போவதைக் ‘கொடு’ என்றும் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் பிரித்து வைத்திருக்கிறது. இன்றைய பேச்சுத் தமிழ் அந்தப் பிரிவைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. மலையாளம் இன்னும் வைத்திருக்கிறது. இதை ஒருமுறை சொன்னால் காட்டூர் மாணவருக்கு ‘குரெரு’ பிடிபட்டுவிடும். வினை வாக்கியத்தின் கடைசியில் வருவது, உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, ‘சாப்பிட்டுப் பார்’ என்பதற்கு அச்சாக ‘தபெத்தே மிரு’ இருப்பது என்று இரண்டு மொழிகளின் கட்டமைப்பும் நெருங்கி நிற்கிறது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ போல இரண்டும் உறவு மொழிகள் என்று வாதிட வேண்டியதில்லை. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவும் இல்லை. வாக்கியம் கட்டக் கற்பதற்கு இந்த ஒப்புமை பேருதவி, அதை ஆங்கில வழிப் பாடநூல்களில் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் உண்மை.

இப்போதெல்லாம் கணினியே திருத்திவிடுகிறதே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. உரையாடும் செயலியிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் நொடியில் திருத்தித் தருகிறது, அலுக்காமல் காரணமும் சொல்கிறது. நள்ளிரவில் படிக்கும் மாணவருக்கு அது பெரிய துணை. விட்டுவிடச் சொல்வது பேதைமை. ஆனால் அந்தத் திறமை எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நாரா அறிவியல் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த தோமோயா மிசுமோதோ உள்ளிட்ட ஆய்வாளர்கள், லாங்-8-இல் தன்னார்வலர்கள் செய்த திருத்தங்களைத் திரட்டி, ஜப்பானிய மொழி கற்போரின் பிழைகளைத் தானாகத் திருத்துவது பற்றி 2011-இல் ஆய்வு வெளியிட்டார்கள். பிழை திருத்தும் மென்பொருள் ஆய்வில் உலகம் முழுக்க அந்தத் தொகுப்பு அடித்தளமானது. 2021-இல் கூகுள் ஆய்வாளர்கள் அதன் ஒரு பகுதியைச் சுத்தப்படுத்தி மறுபடி வெளியிட்டார்கள். முகம் தெரியாத ஆசிரியருக்கும் அலுவலகப் பணியாளருக்கும் குடும்பத்தலைவிக்கும் இருந்த பொறுமைதான் இயந்திரத்துக்குள் போயிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. மாணவர் என்ன சொல்ல நினைத்தார் என்று இயந்திரம் திரும்பக் கேட்பது குறைவு. அவருடைய வாக்கியத்தை ஒதுக்கிவிட்டு அழகான வேறொன்றைக் கொடுத்துவிடும். மனிதர், “நீங்கள் சொல்வது பாட்டியிடமா, தோழியிடமா?” என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதும்போது மாணவர் இரண்டாவது வாக்கியத்தைக் கற்றுக்கொள்கிறார்.

வாங்குவதற்கு ஈடாகக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ் இருக்கிறது. அதைக் கேட்டு வந்த ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். நொபோரு கராஷிமா 1960-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சோழர் கல்வெட்டுகளைப் படித்தவர். 1966-இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வுக்குக் களம், திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் உள்ள அல்லூரும் அதன் அருகிலிருந்த ஈசானமங்கலமும். காட்டூரிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரம். பின்னாளில் எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோரோடு சேர்ந்து, சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்கு 1978-இல் ஓர் அடைவு கொண்டுவந்தார். தமிழர் ஒருவரும் ஜப்பானியர் இருவரும் உட்கார்ந்து செய்த வேலை அது. தகனோபு தகாஹாஷி திருக்குறளைத் தமிழிலிருந்தே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோனார்.

அறிஞர்கள் மட்டுமல்ல. ரஜினிகாந்தின் ‘முத்து’ 1998-இல் டோக்கியோவில் ஓடிய ஓட்டத்துக்குப் பிறகு தமிழ்ப் படம் பார்த்துத் தமிழ் கற்கத் தொடங்கிய ரசிகர்கள் அங்கே உண்டு. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை பார்க்கும் ஜப்பானியர்களில் சிலருக்குக் கடைத்தெருத் தமிழாவது தேவைப்படுகிறது. இவர்கள் எழுதும் தமிழ் வாக்கியத்தைத் திருத்த இங்கே ஆள் பஞ்சமா என்ன? திருச்சியின் கல்லூரித் தமிழ்த் துறைகளில் இதைச் செய்யத் தகுதியான நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு பக்கம் ஜப்பானிய மொழி படிக்கும் இளைஞர்கள், மறுபக்கம் தமிழ் படிக்கும் ஜப்பானியர்கள். நடுவில் ஒரு கல்லூரியோ மாவட்ட மைய நூலகமோ பொறுப்பேற்றால் வாரம் ஒரு மணி நேரத்தில் இது நடக்கும். பெரிய செலவு கிடையாது.

மாணவர்களுக்கும் சில பழக்கங்கள் வேண்டும். ஒரு தடவைக்கு நான்கைந்து வாக்கியம் போதும். பக்கம் பக்கமாக எழுதினால் திருத்த யாரும் வரமாட்டார்கள். பாடப்புத்தகத்தில் வரும் கற்பனைத் தனாகா-சானைப் பற்றி எழுதாமல், பட்டறையில் இன்று நடந்ததை, அம்மா வைத்த குழம்பை, மலைக்கோட்டையில் ஏறியதை எழுத வேண்டும். சொல்ல நினைத்தது என்ன, யாரிடம் சொல்வதாக நினைத்து எழுதியது என்பதைக் கீழே எளிய ஆங்கிலத்தில் குறிப்பிட வேண்டும்; மரியாதை அடுக்கு பார்க்கும் மொழியில் இந்தக் குறிப்பு இல்லாமல் திருத்துகிறவர் இருட்டில் தடவுவார். திருத்தம் வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, திருத்திய வாக்கியத்தைக் கையால் இன்னொரு முறை எழுத வேண்டும். பாஸ்போர்ட் எண்ணையும், வேலைக்கு அனுப்பும் முகவரின் விவரத்தையும், வீட்டு முகவரியையும் அதில் எழுதவே கூடாது. நேரமும் முக்கியம். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடித்து ஒன்பது மணிக்குக் காட்டூரில் எழுதிப் போட்டால் அங்கே நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. மாலை ஐந்து மணிக்குப் போட்டால் அங்கே இரவு எட்டரை. வேலை விட்டு வந்தவர்கள் கைப்பேசியை எடுக்கும் நேரம்.

அரசு செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கான மொழிப் பயிற்சிக்கு மாநில அரசோ மத்திய அரசோ பணம் ஒதுக்கும் இடங்களில், எத்தனை பேர் என்4 தேறினார்கள் என்று மட்டும் கணக்குக் கேட்கக் கூடாது. ஒவ்வொரு மாணவரும் எழுதி, ஜப்பானியர் ஒருவர் திருத்திய ஐம்பது வாக்கியங்கள் கொண்ட ஒரு நோட்டையும் கேட்க வேண்டும். ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் சேர விரும்பும் வெளிநாட்டினருக்கான ஈ.ஜே.யு. தேர்வில் 30 நிமிடத்தில் 400 முதல் 500 எழுத்துக்குள் ஒரு கட்டுரை எழுதும் பகுதி இருக்கிறது. படிக்கப் போகிறவரிடம் கேட்பதை உழைக்கப் போகிறவரிடம் கேட்கக் கூடாதா? நிப்போவும் ஹியாரி ஹாத்தோவும் எழுதப் போகிறவர்கள் இவர்கள்தான். அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருவெறும்பூர் ஐ.டி.ஐ.யிலேயே தொடங்கிவிடலாம், கிளாம்ப் தானாக உடைந்ததா, யாராவது உடைத்தார்களா என்று எழுதிப் பழகுவதற்கு அதைவிடப் பொருத்தமான பட்டறை வேறெங்கும் இல்லை.